கோட்டுக்குள் தைத்த காகிதம்
கணித மேதை பாஸ்கலின் வாழ்க்கை

1662-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். பிரெஞ்சு நாட்டின் தலைநகரான பாரீசில் 39 வயது மனிதர் ஒருவர் இறந்து போனார். அடக்கம் முடிந்து சில நாட்கள் சென்றன. அவருடைய துணிமணிகளை வீட்டு வேலைக்காரர் எடுத்து ஒழுங்கு செய்து கொண்டிருந்தார். ஒரு கோட்டின் உள்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் தடிப்பாக இருந்தது. தையலைப் பிரித்துப் பார்த்தார்.

உள்ளே மடித்து வைத்த தோல் தாள் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு காகிதம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விஷயம். இறந்தவரே தம் கையால் எழுதியது.

அது உயில் அல்ல. கடன் பத்திரமும் அல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் இரவு, கடவுள் தமக்கு வெளிப்பட்டதைப் பற்றி அவர் எழுதி வைத்த குறிப்பு அது.

எழுதியவர் ஒரு சாமியாராக இருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கணக்குப் போடும் எந்திரத்தைச் செய்தவர். காற்றுக்கு எடை உண்டு என்பதை மலை ஏறிச் சோதிக்க வைத்தவர். சூதாட்டத்தின் லாப நஷ்டத்தைக்கூடக் கணக்குக்குள் கொண்டு வந்தவர். இன்று புயல் எச்சரிக்கையில் காற்றழுத்தத்தை "ஹெக்டா பாஸ்கல்" என்று சொல்கிறார்களே, அந்தப் பெயருக்கு உரியவர் அவர்தான். பெயர், பிளேஸ் பாஸ்கல்.

தந்தையே ஆசிரியர்

பாஸ்கல் 19-6-1623 அன்று பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள கிளெர்மான் நகரில் பிறந்தார். தந்தை எத்தியேன் பாஸ்கல், வரி வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். பாஸ்கலுக்கு 3 வயதாகும்போது தாயார் இறந்து விட்டார். அக்காள் கில்பர்த், தங்கை ஜாக்குலின். இந்த மூன்று பிள்ளைகளுக்காகவே தந்தை வாழ்ந்தார். மறுமணம் செய்து கொள்ளவில்லை.

1631-ம் ஆண்டு குடும்பம் பாரீசுக்குக் குடியேறியது. மகனைத் தந்தை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். முதலில் மொழிகளைக் கற்கட்டும், கணக்கு பிறகு பார்க்கலாம் என்று கணிதப் புத்தகங்களை எல்லாம் எடுத்து ஒளித்து வைத்தார். பையனோ தரையில் கரியால் கோடு போட்டு, வட்டம் வரைந்து தானாகவே யோசித்தான். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் ஆகும் என்பதை 12 வயதில் தானே கண்டு பிடித்தான் என்று அக்காள் எழுதி வைத்திருக்கிறார். அதன் பிறகு தந்தை தடை போடவில்லை. 16 வயதில் பாஸ்கல் எழுதிய கணிதக் கட்டுரையைப் படித்த அறிஞர்கள், இது ஒரு சிறுவன் எழுதியதா என்று வியந்தார்கள்.

வரிக் கணக்கும் எந்திரமும்

அரசாங்கம் கடன் பத்திரங்களுக்குத் தர வேண்டிய வட்டியைக் குறைத்தது. அதில் பணம் போட்டிருந்த தந்தை மற்றவர்களுடன் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார். மந்திரி ரிஷெலியுவின் கோபத்துக்கு அஞ்சித் தலைமறைவாக வேண்டி வந்தது. அந்தச் சமயம் 13 வயது ஜாக்குலின், மந்திரியின் முன்னால் நடந்த ஒரு நாடகத்தில் நடித்தாள். நாடகம் முடிந்ததும் தந்தைக்காக மன்னிப்புக் கேட்டாள். மனம் இளகிய மந்திரி மன்னித்தார். ரூவன் நகரில் வரி வசூல் அதிகாரி வேலையும் கிடைத்தது.

ஆனால் வேலை லேசானது அல்ல. வரிக் கலகம் நடந்து அடங்கிய பகுதி அது. கணக்குகள் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. தந்தை நள்ளிரவு தாண்டியும் கூட்டிக் கொண்டிருப்பார். பிரெஞ்சு நாணயக் கணக்கும் தொல்லை கொடுத்தது. 12 தெனியே ஒரு சோல். 20 சோல் ஒரு லிவர். நம் நாட்டில் 1957-ம் ஆண்டு வரை ரூபாய், அணா, தம்பிடி என்று கணக்கு எழுதியவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். பக்கத்தின் அடியில் ஒரு தம்பிடி உதைத்தால் மறுபடியும் மேலிருந்து கூட்ட வேண்டும்.

தந்தையின் கஷ்டத்தை மகன் பார்த்தார். 19 வயதில், கூட்டல் கழித்தல் செய்யும் எந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பல் சக்கரங்கள் உள்ள ஒரு பெட்டி. ஒரு சக்கரம் முழுச் சுற்று வந்தால் அடுத்த சக்கரம் ஒரு பல் நகரும். சில்லறைக் காசுகளுக்காக 12 பிரிவும் 20 பிரிவும் உள்ள தனிச் சக்கரங்களும் உண்டு. மனம் போல அமையும் வரையில் ஏறக்குறைய 50 மாதிரிகள் செய்து பார்த்தார். 1649-ம் ஆண்டு மன்னர் அதற்குத் தனி உரிமை வழங்கினார். விலை அதிகமாக இருந்ததால் வியாபாரம் நடக்கவில்லை. ஆனால் மனித மூளை செய்யும் ஒரு வேலையைப் பித்தளைச் சக்கரங்களும் செய்யும் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் கம்ப்யூட்டர் மொழி ஒன்றுக்குப் "பாஸ்கல்" என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

பனியில் வழுக்கிய கால்

1646-ம் ஆண்டு ஜனவரி மாதம். தந்தை பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பில் பலத்த அடி. வைத்தியம் செய்ய வந்த சகோதரர்கள் இருவரும் மூன்று மாத காலம் அந்த வீட்டிலேயே தங்கினார்கள். அவர்கள் மிகுந்த தெய்வ பக்தி உள்ளவர்கள். கத்தோலிக்கத் திருச்சபைக்குள் அப்போது ஒரு கண்டிப்பான பிரிவு தோன்றியிருந்தது. பிஷப் ஜான்சேனியஸ் என்பவரின் நூலை அடியொற்றிய பிரிவு. மனிதன் தன் சொந்த முயற்சியால் கடவுளை அடைய முடியாது, கடவுளின் அருள்தான் அவனை இழுக்க வேண்டும் என்பது இவர்கள் அழுத்திச் சொன்ன கொள்கை. பாரீசுக்கு அருகில் இருந்த போர்ட் ராயல் கன்னிமாடம் இவர்களுடைய கோட்டை. வைத்தியர்கள் கொடுத்த புத்தகங்களைப் படித்துக் குடும்பம் முழுவதும் மாறியது.

ஆனால் பாஸ்கலுக்கு அது அறிவின் மட்டத்தில் நடந்த மாற்றம். கொள்கையை ஒப்புக் கொண்டார். வாழ்க்கை பழைய வழியிலேயே ஓடியது.

மலை உச்சியில் சோதனை

ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, கிண்ணத்தில் கவிழ்த்தால், பாதரசம் முழுவதும் கீழே இறங்குவது இல்லை. ஏறக்குறைய 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்று விடும். இத்தாலியர் டாரிசெல்லியின் சோதனை இது. பாதரசத்தைத் தாங்கி நிற்பது எது? குழாயின் மேல் பகுதியில் என்ன இருக்கிறது? இயற்கை வெற்றிடத்தை அனுமதிக்காது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பண்டிதர்கள் பாடம் நடத்தி வந்தார்கள்.

வெளிக் காற்றின் எடைதான் தாங்குகிறது என்றால், மலை மேல் காற்று குறைவு, பாதரசம் இறங்க வேண்டும் என்று பாஸ்கல் கணக்குப் போட்டார். கிளெர்மானில் இருந்த அக்காள் கணவர் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். 19-9-1648 அன்று பெரியே சில பிரமுகர்களுடன் பூய் தெ டோம் மலையில் ஏறினார். அடிவாரத்தில் ஒரு குழாயை வைத்து அதை நாள் முழுவதும் பார்த்துக் கொண்டிருக்க ஒரு துறவியை நியமித்தார்கள். கீழே பாதரசம் அசையவே இல்லை. உச்சியில் மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்கியிருந்தது. பண்டிதர்களின் பாடம் அன்றோடு ஆட்டம் கண்டது.

இதில் இருந்து பாஸ்கல் ஒரு முடிவுக்கு வந்தார். இயற்கையைப் பற்றிய விஷயத்தில் எவ்வளவு பெரிய முன்னோர் சொல்லியிருந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டும். அங்கே சோதனைதான் நீதிபதி. ஆனால் ஒரு நாட்டின் முதல் அரசன் யார் என்பதைச் சோதனைக் குழாயில் காண முடியாது. எழுதி வைத்த சாட்சியம்தான் வழி. கடவுள் மனிதனுக்கு என்ன வெளிப்படுத்தினார் என்பதும் அப்படித்தான். இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. வேத வசனத்தைக் காட்டி விஞ்ஞானத்தை மறுப்பதும் தவறு. தர்க்கத்தை மட்டும் காட்டி வெளிப்பாட்டை மறுப்பதும் தவறு. பாஸ்கல் கடைசி வரை விட்டுக் கொடுக்காத நிலை இது.

தங்கையுடன் மனஸ்தாபம்

1651-ம் ஆண்டு தந்தை இறந்தார். கன்னியாஸ்திரீ ஆக வேண்டும் என்பது ஜாக்குலினின் நெடுநாள் ஆசை. தனியாகி விடுவோமே என்று பாஸ்கல் தடுத்தார். அவள் கேட்கவில்லை. 1652-ம் ஆண்டு ஜனவரி மாதம் போர்ட் ராயலில் சேர்ந்தாள். தன் பங்குச் சொத்தை மடத்துக்குக் கொடுக்க விரும்பினாள். பாஸ்கல் முட்டுக்கட்டை போட்டார். தங்கை மனம் நொந்து போனாள். பிறகு பணத்தைக் கொடுத்தார் என்றாலும், பாஸ்கலின் வாழ்க்கையில் இது பெருமைப்பட முடியாத ஓர் அத்தியாயம்.

அந்த ஆண்டுகளில் அவர் பெரிய மனிதர்களின் கூட்டத்தில் கலந்து பழகினார். அவர்களில் பலர் மதத்தைக் கேலி பேசுகிறவர்கள். சூதாடுகிறவர்களும் இருந்தார்கள். ஆட்டம் பாதியில் நின்றால் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒருவர் கேட்ட கேள்வியில் இருந்து ஒரு புதிய கணிதமே பிறந்தது. 1654-ம் ஆண்டு பெர்மா என்ற கணித மேதையுடன் கடிதம் மூலம் பாஸ்கல் இதை ஆராய்ந்தார். இன்றைய இன்சூரன்ஸ் கணக்குகளுக்கு அடிப்படையான நிகழ்தகவுக் கணிதம் இதில் இருந்து வளர்ந்ததுதான்.

புகழ் இருந்தது. பணம் இருந்தது. ஆனால் மனதில் ஒரு சலிப்பு. தங்கையைப் பார்க்க மடத்துக்கு அடிக்கடி போகத் தொடங்கினார். உலகமும் கசக்கிறது, கடவுளின் பக்கமும் மனம் இழுக்கவில்லை என்று தங்கையிடம் சொல்லி வருந்தினார்.

அந்த இரவு

23-11-1654, திங்கட்கிழமை. இரவு சுமார் பத்தரை மணி முதல் பன்னிரண்டரை மணி வரை பாஸ்கலுக்கு ஏதோ நடந்தது. என்ன கண்டார், எப்படிக் கண்டார் என்று அவர் விவரிக்கவில்லை. கணக்குக்காரர் அல்லவா? தேதி, கிழமை, அன்று எந்தப் புனிதரின் திருநாள், எத்தனை மணி என்று முதலில் குறித்தார். அதன் பிறகு, நெருப்பைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லைத் தனியாக எழுதினார். பின்பு துண்டு துண்டாகச் சில வரிகள்.

ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய முன்னோர்கள் அறிந்த கடவுளைத் தாம் அறிந்ததாகவும், அவர் தத்துவ ஞானிகள் வாதம் செய்து கண்டு பிடிக்கும் கடவுள் அல்லர் என்றும் அதில் குறித்திருக்கிறார். உறுதி, சமாதானம், ஆனந்தக் கண்ணீர் பற்றிப் பேசுகிறார். ஏசு கிறிஸ்துவை விட்டுத் தாம் விலகி ஓடியதற்காக வருந்துகிறார். நூல் பிடித்தாற்போல எழுதும் பாஸ்கலின் மற்ற எழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பு புத்தகத்தில் ஒப்புக் கொண்டது அன்று அனுபவம் ஆயிற்று.

இதைத் தோல் தாளில் நகல் எடுத்துக் கோட்டுக்குள் வைத்துத் தைத்தார். கோட்டை மாற்றும்போதெல்லாம் தையலைப் பிரித்து எடுத்துப் புதுக் கோட்டில் வைத்துத் தைத்துக் கொண்டார். எட்டு ஆண்டுகள் இப்படிச் செய்தார். யாரிடமும் அதைக் காட்டவில்லை. தமக்கு வெளிப்பாடு கிடைத்தது, ஆகவே எல்லோரும் நம்புங்கள் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை.

புனைபெயரில் போர்

1656-ம் ஆண்டு போர்ட் ராயல் கூட்டத்துக்கு ஆபத்து வந்தது. அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான ஆர்னோ மீது பாரீஸ் பல்கலைக்கழக மதவாதிகள் நடவடிக்கை எடுத்தார்கள். பாஸ்கல் புனைபெயரில் கடிதங்கள் எழுதி ரகசியமாக அச்சிட்டு வெளியிட்டார். மொத்தம் 18 கடிதங்கள். பாவத்துக்குச் சாக்கு கண்டு பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று ஏசு சபைத் துறவிகளை நையாண்டி செய்தார். நகரமே படித்துச் சிரித்தது. போலீசார் அச்சகங்களைச் சோதனை போட்டார்கள். ரோமாபுரி அந்த நூலைத் தடை செய்தது. ஏசு சபையாருக்கு அவர் நியாயம் செய்யவில்லை என்று கருதுகிறவர்களும் உண்டு.

பூமி சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவை ரோமாபுரி கண்டித்ததை அதே கடிதங்களில் பாஸ்கல் சுட்டிக் காட்டினார். உத்தரவு போட்டுப் பூமியை நிறுத்த முடியாது, அது சுற்றினால் உத்தரவு போட்டவரும் சேர்ந்துதான் சுற்றுவார் என்பது அவர் வாதம். பக்தர் ஆனபிறகும் மலை உச்சிப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

அதே 1656-ல் அவருடைய அக்காள் மகள் மார்கரீத்துக்குக் கண்ணில் நீண்ட நாள் இருந்த சீழ்ப்புண் ஆறியது. கிறிஸ்துவின் முள்முடியில் இருந்து வந்ததாக நம்பப்பட்ட ஒரு முள்ளைத் தொட்டு ஆறியதாகக் கன்னிமாடத்தார் சொன்னார்கள். திருச்சபை விசாரித்து அதை அற்புதம் என்று அறிவித்தது. இதில் மனம் உருகிய பாஸ்கல், நம்பாதவர்களுக்காக ஒரு பெரிய நூல் எழுத முனைந்தார்.

பகுத்தறிவின் எல்லை

அந்தக் காலத்தில் பகுத்தறிவு யுகம் விடிந்து கொண்டிருந்தது. தத்துவ மேதை டேகார்ட், எல்லாவற்றையும் சந்தேகித்து, தர்க்கத்தின் வழியாகவே கடவுள் உண்டு என்று நிரூபிக்க முயன்றார். பாஸ்கலுக்கு அது திருப்தி தரவில்லை. உலக எந்திரத்தை முடுக்கி விடுவதற்கு மட்டும் ஒரு கடவுளை வைத்துக் கொண்டு என்ன பயன் என்று நினைத்தார். அப்படிப்பட்ட கடவுளிடம் யாரும் அழ முடியாது.

அதற்காக அவர் பகுத்தறிவைத் தள்ளவில்லை. பகுத்தறிவே வேண்டாம் என்பது ஒரு மிகை, பகுத்தறிவைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது இன்னொரு மிகை என்றார். தனக்கு அப்பாற்பட்ட விஷயங்கள் உண்டு என்று அறிவதுதான் பகுத்தறிவின் கடைசிப் படி என்பது அவர் கருத்து. இடம் உண்டு, காலம் உண்டு, எண்கள் உண்டு என்பதை யாரும் நிரூபித்த பிறகு நம்புவது இல்லை. அதை நெஞ்சம் நேராக உணர்கிறது. அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் கணிதமே நிற்கிறது. கடவுளையும் நெஞ்சம்தான் உணர வேண்டும் என்றார்.

அப்படியானால் கடவுள் எல்லோருக்கும் பளிச்சென்று தெரியக் கூடாதா? இந்தக் கேள்வியை அவர் மழுப்பவில்லை. தேடுகிறவனுக்குப் போதுமான வெளிச்சமும், தேட மனமில்லாதவனை வற்புறுத்தாத அளவுக்கு இருட்டும் இருக்கின்றன என்பது அவர் தந்த விடை.

சூதாடும் நண்பர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே சொன்னார். கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டி வாழ்ந்து ஜெயித்தால் கிடைப்பதற்கு அளவே இல்லை. தோற்றால் இழப்பது கொஞ்சம்தான். ஆகவே துணிந்து அந்தப் பக்கம் வாழ்ந்து பார் என்றார். லாபக் கணக்குப் போட்டு வருவது பக்தியா என்று இன்று வரை பலர் கேட்கிறார்கள். ஆனால் இது கடவுள் உண்டு என்பதற்குச் சொன்ன நிரூபணம் அல்ல. சிரித்துக் கொண்டு நிற்கிறவனை உட்கார்ந்து யோசிக்க வைப்பதற்குச் சொன்னது.

நூல் முடியவில்லை. 1659 முதல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பெரிய தாள்களில் எழுதிக் கத்தரித்த துண்டுகளை நூலில் கோத்துக் கட்டு கட்டாக வைத்திருந்தார். அவற்றைத் தொகுத்து 1670-ம் ஆண்டு "சிந்தனைகள்" என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

ஐந்து காசு வண்டி

கடைசி ஆண்டில் பாஸ்கல் செய்த காரியம், தினமும் பஸ்சிலும் ரெயிலிலும் வேலைக்குப் போகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டியது. பாரீசில் வசதி உள்ளவர்களுக்குத்தான் குதிரை வண்டி. மற்றவர்கள் நடக்க வேண்டும். குறித்த பாதை, குறித்த நேரம், ஒரு ஆளுக்கு ஐந்து சோல் கட்டணம் என்று ஓடும் பொது வண்டித் திட்டத்தை நண்பர் ரோவானே பிரபுவுடனும் வேறு சிலருடனும் சேர்ந்து பாஸ்கல் தொடங்கினார். ஆள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் வண்டி புறப்பட வேண்டும். 18-3-1662 அன்று முதல் வண்டி ஓடியது. நகரப் பஸ்களுக்கு இதுதான் முன்னோடி.

முதல் நாட்களில் ஒரே கூட்டம். அக்காள் கில்பர்த் தெருவில் காத்திருந்தார். ஐந்து வண்டிகள் நிரம்பி வழிந்து நிற்காமலே போய் விட்டன. தம்பியின் வண்டியில் அக்காளுக்கு இடம் இல்லை! பிறகு சிப்பாய்களும் கூலியாட்களும் ஏறக் கூடாது என்று பாரீஸ் நீதிமன்றம் விதி போட்டது. திட்டத்தின் பயன் அதனால் குறைந்தது. பாஸ்கலோ, வரப்போகும் தம் பங்கில் இருந்து 1,000 லிவர் முன்பணம் கேட்டார். பஞ்சத்தில் தவித்த புளுவா பகுதி ஏழைகளுக்கு அனுப்புவதற்காக!

கடைசி நாட்கள்

முந்திய ஆண்டு ஜாக்குலின் இறந்து விட்டாள். பாஸ்கலின் உடல் மேலும் மேலும் நலிந்தது. படுக்கையைத் தாமே விரித்துக் கொள்வார். சாப்பாட்டைச் சமையல் அறைக்குச் சென்று தாமே எடுத்து வருவார். கர்வம் தலை தூக்கினால் குத்துவதற்காக முள் வைத்த இரும்புப் பட்டையை இடுப்பில் அணிந்தார். இவ்வளவு கடுமை தேவைதானா என்று அக்காளே கலங்கினார்.

தம் வீட்டில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். அந்த வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டது. அக்காள் தினமும் வந்து தம்பியைக் கவனித்து வந்தவர். அவருடைய குழந்தைகளுக்கு நோய் தொற்றி விடுமே என்ற பயம் வந்தது. அந்தக் குடும்பத்தை வெளியே அனுப்புவதுதான் உலக வழக்கம். பாஸ்கல் அப்படிச் செய்யவில்லை. நோயாளிப் பையனை அசைத்தால் அவனுக்கு ஆபத்து என்று சொல்லி, 1662-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் தாமே வீட்டை விட்டுக் கிளம்பினார். பையன் அங்கேயே இருந்தான். வீட்டுக்காரர் அக்காள் வீட்டுக்குப் போனார். அவர் திரும்பி வரவே இல்லை.

தமக்கு இவ்வளவு கவனிப்பு இருக்கும்போது எத்தனையோ ஏழைகள் கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறார்களே என்று வருந்தினார். ஏழை நோயாளி ஒருவரைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துத் தமக்குச் செய்வதை எல்லாம் அவருக்கும் செய்யும்படி கேட்டார். அது முடியவில்லை. தீராத நோயாளிகளின் ஆஸ்பத்திரியில் ஏழைகளோடு ஏழையாகச் சாக வேண்டும் என்று கேட்டார். வைத்தியர்கள் சம்மதிக்கவில்லை. 19-8-1662 அன்று அதிகாலை ஒரு மணிக்கு உயிர் பிரிந்தது.

சாட்சி

அடுத்த நூற்றாண்டில் பகுத்தறிவு யுகம் உச்சிக்கு வந்தது. 1734-ம் ஆண்டு வால்டேர், பாஸ்கலின் சிந்தனைகளை வரிக்கு வரி எதிர்த்து எழுதினார். மனிதன் பாஸ்கல் சொல்லும் அளவுக்குப் பரிதாபமானவன் அல்ல என்றார். எதிர்த்தவர்களாலும் அவரை அலட்சியம் செய்ய முடியவில்லை. அவருடைய நானூறாவது பிறந்த நாளான 19-6-2023 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் பற்றித் தனிக் கடிதமே வெளியிட்டார். ஒரு காலத்தில் ரோமாபுரி தடை செய்த நூலின் ஆசிரியர் அவர்!

கோட்டுக்குள் இருந்த காகிதம் பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அந்த இரவில் நடந்தது உண்மையான வெளிப்பாடா, நோயாளியின் மனக் கிளர்ச்சியா என்று வாதம் செய்கிறவர்கள் செய்து கொண்டுதான் இருக்கிறார்கள். பாதரசக் குழாயை வைத்து அதை அளக்க முடியாது என்று பாஸ்கலே சொல்லி விட்டார். தங்கையின் பங்கைக் கொடுக்கத் தயங்கியவர், ஓர் ஏழைப் பையனுக்காகத் தம் வீட்டையே விட்டுக் கிளம்பினார். அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ஓர் இரவு. பாஸ்கல் விட்டுச் சென்ற சாட்சி அதுதான்.